இரண்டாவது கப்பல்

மக்களாட்சியையும் ஒருவர் ஆட்சியையும் ஒப்பிட்டுப் பேசுவோர் பெரும்பாலும் முடிவெடுக்கும் கணத்தையே தராசில் வைக்கின்றனர். பலர் கூடிப் பேசினால் பொழுதுதான் போகும், ஒருவர் கையில் அதிகாரம் இருந்தால் காரியம் நடக்கும் என்பது ஒரு கட்சி. பலர் கூடினால்தான் ஒன்றின் பல பக்கங்களும் தெரியவரும், ஒருவர் எத்துணைக் கூர்மதி படைத்தவராயினும் அவர் கண்ணுக்குத் தப்புவது இருக்கவே செய்யும் என்பது எதிர்க்கட்சி. இரு தரப்புக்கும் வேண்டிய சான்றுகளை வரலாறு அள்ளித் தருவதால் இந்த வழக்கு தீர்வதே இல்லை. முடிவு எடுக்கப்பட்டபின் நடப்பதை, அதாவது அது தவறு என்ற செய்தி முடிவெடுத்தவர் காதுக்கு எட்ட எத்தனை நாள் ஆகிறது, எட்டியபின் அதைத் திரும்பப் பெற வழி உண்டா என்பதை நடுவில் வைத்துப் பார்த்தால் வழக்கின் முகம் மாறிவிடுகிறது.

இங்கே மக்களாட்சி என்ற சொல் வாக்குச்சாவடியை மட்டும் குறிக்கவில்லை. முடிவை எதிர்த்துப் பேசியவர் மறுநாளும் தம் வீட்டில் அச்சமின்றி விழித்தெழும் நிலை, எடுத்த முடிவை அதே அவையோ அடுத்து வரும் அவையோ மாற்றிக்கொள்ளும் முறை, கெட்ட செய்தி கீழிருந்து மேலே ஏறிச் செல்வதற்கான பாதை ஆகிய மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டையே அது சுட்டுகிறது. ஒருவர் ஆட்சி என்பதும் முடியரசோடும் ராணுவ ஆட்சியோடும் நின்றுவிடுவதில்லை. தேர்தலில் வென்று வந்தவரே ஆனாலும், தம் முடிவுக்கு வேறு எவருடைய இசைவும் தேவைப்படாத இடத்தில் அவர் அமர்ந்திருந்தால், அந்த முடிவைப் பொறுத்தவரை அது ஒருவர் ஆட்சிதான்.

கி.மு. 427இல் ஏதென்ஸ் எடுத்த ஒரு முடிவு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஏதென்ஸின் கூட்டணியில் இருந்த லெஸ்போஸ் தீவின் மித்திலீனி நகரம், அதற்கு முந்தைய ஆண்டில் கிளர்ந்தெழுந்து, முற்றுகைக்கு உள்ளாகி, உணவு தீர்ந்த நிலையில் பணிந்தது. ஸ்பார்ட்டாவுடன் போர் ஒரு பக்கமும் கொள்ளைநோய் விட்டுச்சென்ற துயரம் மறுபக்கமுமாக வெந்துகொண்டிருந்த ஏதென்ஸின் மக்கள் பேரவை, அதாவது வயதுவந்த ஆண் குடிமக்கள் நேரில் கூடிக் கைதூக்கி வாக்களிக்கும் அவை, மித்திலீனியின் ஆண்கள் அனைவரையும் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றுவிட வேண்டும் என்று கோபத்தில் தீர்மானித்தது. தீவில் இருந்த தளபதி பாக்கெஸுக்கு இந்தக் கட்டளையை எடுத்துக்கொண்டு மூன்றடுக்குத் துடுப்புப் போர்க்கப்பல் ஒன்று புறப்பட்டும் விட்டது.

மறுநாள் காலை நகரத்துக்கு மனம் உறுத்தியது. குற்றவாளிகளை மட்டுமின்றி ஓர் ஊரையே அழிப்பது கொடுமை என்ற பேச்சு பரவ, பேரவை மீண்டும் கூட்டப்பட்டது. முந்தைய நாள் தீர்மானத்தை வென்றெடுத்த கிளியோன் அதிலேயே உறுதியாக நின்றார். இப்படி நாளுக்கொரு மனம் கொண்ட மக்களாட்சியால் பிறரை ஆளவே முடியாது என்று அவையோரைக் கடிந்தார். அவரை மறுத்துப் பேசிய டயோடோட்டஸ் இரக்கத்தின் பெயரால் எதையும் கேட்கவில்லை. பணிந்தாலும் சாவுதான் என்றால் இனிக் கிளர்ச்சி செய்யும் எந்த நகரமும் பணியாது, ஆகவே இக்கொலை ஏதென்ஸுக்கே நட்டம் என்று கணக்குச் சொன்னார். இந்த டயோடோட்டஸைப் பற்றி வரலாற்றாசிரியர் துசிடைடிஸ் தரும் இக்குறிப்பைத் தவிர வேறெதுவும் எஞ்சவில்லை. கைகள் ஏறத்தாழச் சரிபாதியாக உயர்ந்தன. மயிரிழையில் டயோடோட்டஸ் வென்றார்.

முதல் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முந்திச் சென்றிருந்தது. இரண்டாவது கப்பலின் துடுப்பாளிகளுக்கு மித்திலீனியின் தூதர்கள் திராட்சை மதுவும் வாற்கோதுமை மாவும் கொடுத்து, நேரத்தில் சேர்ந்தால் பெரும் பரிசு உண்டு என்றும் சொல்லி அனுப்பினர். அவர்கள் மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவைத் துடுப்பு வலித்தபடியே தின்றார்கள், முறைவைத்துத் தூங்கினார்கள், எதிர்காற்று வீசவில்லை. கொலைக் கட்டளையைச் சுமந்த முதல் கப்பலில் இருந்தவர்களுக்கோ அவசரம் காட்ட மனமில்லை. பாக்கெஸ் கட்டளையைப் படித்து முடித்து அதை நிறைவேற்றத் தொடங்கவிருந்த வேளையில் இரண்டாவது கப்பல் துறைமுகத்தை அடைந்தது. கிளர்ச்சிக்குப் பொறுப்பானவர்கள் என்று பிடிக்கப்பட்டு ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்த ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், ஊர் பிழைத்தது.

இந்த நிகழ்வை மக்களாட்சியின் புகழுக்கும் இகழுக்கும் ஒருசேர எடுத்துக்காட்டலாம். ஒரு கூட்டம் ஒரே நாளில் எவ்வளவு கொடியதாக மாறக்கூடும் என்பதற்கு முதல் நாள் சான்று. கிளியோன் குறையாகச் சொன்ன அந்த நிலையின்மையே மறுநாள் ஓர் ஊரைக் காப்பாற்றியது. முடிவெடுத்தவர்களே மறுநாளும் கூட முடிந்தது என்பதும், முந்தைய நாள் தோற்றவர் மறுபடி எழுந்து பேச முடிந்தது என்பதும் இல்லாதிருந்தால், மனம் மாறியவர்கள் எத்தனை ஆயிரம் பேராக இருந்திருந்தாலும் அந்த மாற்றம் வீட்டுத் திண்ணைகளைத் தாண்டியிருக்காது.

ஏதென்ஸுக்கு எப்போதும் காற்று இப்படி ஒத்துழைக்கவில்லை. கி.மு. 406இல் அர்கினுசாய் கடற்போரில் வென்ற தளபதிகள், சிதைந்த கப்பல்களில் இருந்த தம் வீரர்களைப் புயலில் மீட்கத் தவறினார்கள் என்பதற்காக, எட்டுப் பேருக்கும் ஒரே வாக்கெடுப்பில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, நகரில் இருந்த ஆறு பேர் கொல்லப்பட்டனர். அது சட்டத்துக்குப் புறம்பானது என்று அன்று அவைக்குழுவில் இருந்த சாக்ரடீஸ் மறுத்தும் பயனில்லை. பின்னர் அதே மக்கள் வருந்தி, தங்களைத் தூண்டிவிட்டவர்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். இறந்தவர்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. ஆயினும் அந்த நூற்றாண்டின் முடிவில் ஏதென்ஸ் ஒரு பாடம் கற்றது: நிலையான சட்டம் வேறு, பேரவை அன்றன்று நிறைவேற்றும் தீர்மானம் வேறு என்று பிரித்து, தீர்மானம் சட்டத்தை மீறக்கூடாது என்றும், சட்டத்தை மாற்றத் தனி நடைமுறை வேண்டும் என்றும் வகுத்துக்கொண்டது. அவையின் வேகத்துக்கு அவையே கடிவாளம் பூட்டிக்கொண்ட செயல் அது.

ஒருவர் ஆட்சிக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வலுவான வாதத்தை ரோமாபுரியில்தான் தேட வேண்டும். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரு கான்சல்கள் சம அதிகாரத்துடன் ஆண்ட அந்தக் குடியரசில், பெரும் நெருக்கடி வந்தால் ஒருவரை டிக்டேட்டராக அமர்த்தும் வழக்கம் இருந்தது. தமிழில் சர்வாதிகாரி என்று பெயர்க்கப்படும் இச்சொல்லில் அந்தப் பதவியின் சரிபாதி விடுபட்டுப்போகிறது. அதன் ஆயுள் அதிகபட்சம் ஆறு மாதம் என்பதே அந்தப் பாதி. கி.மு. 217இல் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் டிராசிமீன் ஏரிக்கரையில் ரோமப் படையை அழித்தபோது ஃபேபியஸ் அப்பதவிக்கு வந்தார். நேருக்குநேர் மோதினால் தோல்வி உறுதி என்று உணர்ந்து, மோதாமலே பின்தொடர்ந்து எதிரியைக் களைப்பூட்டும் உத்தியை அவர் கையாண்டதால், தாமதிப்பவர் என்ற பட்டம் அவருக்கு வசையாகக் கிடைத்தது. பொறுமையிழந்த மக்கள் அவருடைய துணைத்தளபதிக்குச் சம அதிகாரம் வழங்கி வாக்களித்தனர். ஹன்னிபாலிடம் வகையாகச் சிக்கிய அவரை ஃபேபியஸே போய் மீட்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் தலைமை மாற்றிக்கொண்ட இரு கான்சல்களின் கீழ் ரோமப் படை கன்னே களத்தில் இறங்கி, ஒரே நாளில் ஏறத்தாழ 50,000 வீரர்களை இழந்தது. பலர் கூடினால் தாமதம், ஒருவர் ஆண்டால் வேகம் என்ற வழக்கமான கணக்கு இங்கே தலைகீழாவது கவனிக்கத்தக்கது: பொறுமை தனியொருவரிடம் இருந்தது, அவசரம் கூட்டத்திடம் இருந்தது. அந்த ஒருவர் சரியாகவும் இருந்தார்.

எனினும் ரோமானியர்கள் அந்தப் பதவியை நம்பியதற்குக் காரணம் அதில் அமர்ந்தவரின் அறிவு மட்டுமன்று. ஆறு மாதத்தில் அவர் இறங்கிவிடுவார் என்பதும்தான். கி.மு. 82இல் சுல்லா கால வரையறையின்றி அப்பதவியை ஏற்றார், கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதை வாழ்நாள் பதவியாக்கிக்கொண்டார். சுல்லா தாமாகவே இறங்கினார். சீசரை இறக்குவதற்குக் கத்தியைத் தவிர வேறு வழி வைக்கப்படவில்லை. சில வாரங்களில் அது பயன்பட்டது.

இடித்துரைப்பார் இல்லாத மன்னனைப் பற்றி வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் எச்சரிப்பது எக்காலத்துக்கும் உரிய பொது அறிவுரைபோல் தோன்றும். 1959ஆம் ஆண்டு லூஷான் மலையில் நடந்ததைப் படித்தபின் அது ஒரு நாட்டின் நிர்வாகக் குறிப்பாகவே தெரியும். சீனத்தில் மாவோ 1958இல் தொடங்கிய ‘பெரும் பாய்ச்சல்’ இயக்கத்தில் விளைச்சலை மிகைப்படுத்திச் சொல்லும்படி கீழ்மட்ட அதிகாரிகள் நெருக்கப்பட்டனர். மிகைப்படுத்திய எண்ணிக்கையின் மீது அரசின் கொள்முதல் அளவு நிர்ணயிக்கப்பட்டது. இல்லாத விளைச்சலுக்கான பங்காக, உழவர் தின்ன வைத்திருந்த தானியம் வண்டியேறியது. தம் பயணங்களில் இதைக் கண்ட பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய், லூஷானில் கட்சித் தலைவர்கள் கூடியிருந்தபோது, மாவோவுக்கு மட்டும் என்று கருதி மரியாதை குறையாமல் ஒரு கடிதம் எழுதினார். மாவோ அதை அச்சிட்டு அனைவருக்கும் வழங்கி, கட்சிக்கு எதிரான தாக்குதல் என்று கண்டித்தார். பெங் பதவியிழந்தார், அதைத் தொடர்ந்த களையெடுப்புக்குப் பின் குறைந்த விளைச்சலைக் குறைவென்று எழுத எந்த மாவட்டத்து எழுதுகோலும் துணியவில்லை. 1962 தொடக்கத்தில்தான் ஒரு பெரிய கட்சி மாநாட்டில் அரசுத் தலைவர் லியு ஷாவ்சி இது பெருமளவு மனிதர் விளைவித்த கேடு என்று பேச முடிந்தது. அதற்குள் பஞ்சத்தில் இறந்தோர் தொகை, ஆய்வாளர்களின் மதிப்பீடுகளில், 1.5 கோடியிலிருந்து 4.5 கோடி வரை வேறுபடுகிறது. லியு பின்னர் கலாசாரப் புரட்சியின்போது காவலில் இறந்தார். ஏதென்ஸில் டயோடோட்டஸ் மறுநாள் எழுந்து பேசியதன் விலை என்ன என்பதை இந்த இரு சீனர்களின் கதையை வைத்தே மதிப்பிட வேண்டும்.

மாவோவைக் காட்டி ஒருவர் ஆட்சி முழுவதையும் தள்ளுவது எளிய வழி. நேர்மையான வழி சிங்கப்பூரைப் பார்ப்பது. லீ குவான் யூவின் ஆட்சியில் தேர்தல்கள் நடந்தன, ஆனால் ஒரு கட்சியின், ஏறத்தாழ ஒரு மனிதரின், முடிவுகளே நாட்டை நடத்தின. அவற்றுள் பல நல்ல முடிவுகள் என்பதை அங்குள்ள குடியிருப்புகளைப் பார்த்த எவரும் மறுக்க மாட்டார்கள். பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டம் 1984இல் வந்தபோது மக்கள் கொதித்தனர். அவ்வாண்டு டிசம்பர் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விழுக்காடு 77.7இலிருந்து 64.8ஆகச் சரிந்தது, அடுத்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. அரைகுறை மக்களாட்சிகூட ஓராண்டுக்குள் வேலை செய்தது. ஆனால் ‘இரண்டு போதும்’ என்று 1970களின் தொடக்கத்தில் கொண்டுவரப்பட்ட குடும்பக்கட்டுப்பாட்டுக் கொள்கை, பிறப்பு விகிதம் மக்கள்தொகையை ஈடுசெய்யும் அளவுக்குக் கீழே அதே பத்தாண்டின் நடுவிலேயே இறங்கிவிட்டபோதும், 1987 வரை திருத்தப்படவில்லை. அதனால் எவர் வயிறும் எரியவில்லை, எவரும் வாக்குச்சாவடியில் அதற்குப் பழிவாங்கவில்லை. பிறவாத பிள்ளைகளுக்கு வாக்கில்லை. 2023இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு பிள்ளைகூட இல்லை.

கூச்சல் எழுப்பாத துன்பம் மக்களாட்சியின் காதிலும் விழுவதில்லை என்ற இந்த உண்மை இந்தியாவில் இன்னும் கடுமையாக வெளிப்படுகிறது. பத்திரிகைச் சுதந்திரமும் தேர்தலும் உயிரோடிருக்கும் நாட்டில் பெரும்பஞ்சம் நேர்வதில்லை என்ற பொருளியலாளர் அமர்த்தியா சென்னின் கூற்று பலமுறை எடுத்தாளப்படுகிறது. ஆனால் அதே சென்னும் ழான் திரேஸும் 1989இல் வெளியிட்ட நூலில் வைத்த மற்றொரு கணக்கு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை: சீனத்தைவிட இந்தியாவில் அன்றாடச் சாவு விகிதம் அதிகமாக இருந்ததால், ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, சீனப் பஞ்சத்தில் மாண்டவர்களைவிட அதிகமானோர் இந்தியாவில் சத்தமின்றி மிகையாக இறந்துகொண்டிருந்தனர். பஞ்சம் தலைப்புச் செய்தியாகும்; சத்துக்குறைவு ஆகாது. மக்களாட்சியைப் போற்றும் எந்தக் கட்டுரையும் இந்தக் கணக்கைக் கடந்துதான் செல்ல வேண்டும்.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது: எண்ணப்படாதவர்களின் கதி. மித்திலீனி மக்களுக்கும் ஏதென்ஸ் பேரவையில் வாக்கு இல்லை. அவர்கள் பிழைத்தது வாக்குள்ளவர்களின் மனச்சான்றாலும் டயோடோட்டஸின் லாபநட்டக் கணக்காலும்தான். கி.மு. 416இல் மீலோஸ் என்ற சிறு தீவுக்கு அதே தண்டனை விதிக்கப்பட்டபோது ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் விற்கப்பட்டார்கள், 500 ஏதென்ஸ் குடியேறிகள் அந்நிலத்துக்கு வந்தார்கள். அம்முறை இரண்டாவது கப்பல் எதுவும் புறப்படவில்லை.

தமிழகத்தில் பெருமையோடு சுட்டப்படும் உத்தரமேரூர்க் கல்வெட்டுகளிலும் இந்த இரு முகங்களும் அருகருகே உள்ளன. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு ஒன்றை எடுக்கச் செய்து, வாரியங்களுக்கு, அதாவது ஏரி, தோட்டம் முதலியவற்றைப் பேணும் குழுக்களுக்கு, உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919இல் அவ்வூர்ச் சபை கல்லில் வெட்டியது. இரண்டே ஆண்டுகளில், 921இல், அதே சபை விதிகளைத் திருத்தி மறுபடியும் வெட்டியது. 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 ஆயிற்று. கல்லில் பொறித்ததையும் மாற்றலாம் என்று துணிந்த அந்த மனப்பாங்கைத்தான், குடத்தைக் காட்டிலும், கொண்டாட வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் ஓலையில் பெயர் ஏறுவதற்கு வரி கட்டும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் மறைக்கல்வியும் வேண்டும். அந்த நிலத்தில் ஏர் பிடித்தவர்களின் பெயரை எந்தச் சிறுவனும் குடத்திலிருந்து எடுத்திருக்க முடியாது.

இலங்கையின் அண்மை வரலாற்றில் இவ்விரண்டு வகைத் தவறுகளையும் ஒரே மண்ணில் வைத்து ஒப்பிட இயலும். 2019இல் பெரும் வாக்குகளுடன் வென்ற கோட்டாபய ராஜபக்ச, 1978 அரசியலமைப்பு உருவாக்கிய நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி பதவியில், 2020இன் இருபதாவது திருத்தம் கூட்டிக்கொடுத்த பலத்தோடும் இருந்தார். இயற்கை வேளாண்மைக்குப் பத்தாண்டுகளில் மாறுவது என்பது தேர்தல் வாக்குறுதி. 2021 மே மாத வர்த்தமானி அறிவிப்பு, அந்தப் பத்தாண்டை ஒரே பருவமாகச் சுருக்கி, ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. விவசாய அறிவியலாளர்கள் எச்சரித்தனர். தேயிலைத் துறையினர் முறையிட்டனர். உழவர்கள் கொடும்பாவி கொளுத்தினர். நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அடுத்த பெரும்போக நெல் அறுவடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்தது. 2022 ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். ஒருவர் முடிவின் பேதைமைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஆயினும் தெருவில் இறங்கிய உழவர்களைச் சுட்டுத் தள்ளாத அளவுக்கும், அவர்கள் படத்தை மறுநாள் நாளேடு வெளியிடும் அளவுக்கும் அங்கே மக்களாட்சி எஞ்சியிருந்ததால், அது ஏறத்தாழ ஏழு மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. லூஷானுக்குப் பின் சீனத்துக்கு ஆன காலத்தோடு இதை ஒப்பிடலாம்.

இதே நாட்டில், சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே, சர்வாதிகாரி எவரும் இல்லாத, முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், விவாதித்து, வாக்கெடுத்து, குடியுரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 1948ஆம் ஆண்டின் அந்த 18ஆம் எண் சட்டம், தலைமுறைகளாகத் தேயிலைக் கொழுந்து பறித்த இந்திய வம்சாவளி மலையகத் தமிழரில் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. பிறப்புப் பதிவோ பாட்டன் பிறந்த ஊரின் சான்றோ இல்லாத, லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்களிடம் ஆவணம் கேட்பதே அதன் வழிமுறை. 1947 தேர்தலில் அவர்கள் வாக்கு மலையகத் தொகுதிகளில் யார் வெல்வது என்பதைத் தீர்மானித்திருந்தது. 1949இல் அந்த வாக்கும் பறிக்கப்பட்டது. உரத்தடைக்கு எதிராக உழவர் கையில் இருந்த ஆயுதம் எதுவோ, அதையே இச்சட்டம் முதலில் கழற்றி எடுத்துவிட்டது. பெரும்பான்மை செய்யக்கூடிய தவறுகளுள் மிகக் கொடியது இதுவே: பாதிக்கப்பட்டவரை எண்ணிக்கையிலிருந்தே நீக்கிவிட்டால், அவருடைய முறையீடு கெட்ட செய்தியாகக்கூட மேலே ஏறுவதில்லை. அதை எதிர்த்துத் தம் கட்சியிலிருந்து பிரிந்த தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்; அவர் பேசலாம், மறுநாள் வீட்டில் விழித்தெழலாம், ஆனால் அவையில் கைகள் உயரவில்லை.

1964இல் கொழும்பும் டெல்லியும் ஓர் ஒப்பந்தம் செய்து நாடற்றிருந்த 9,75,000 பேரைப் பங்கிட்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். இரண்டுமே தேர்தல் நடக்கும் நாடுகள். அந்த மக்களை எவரும் கேட்கவில்லை. பத்தாண்டுக்குப் பின் அந்த மீதியும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள் தாயகம் திரும்பியோர் என்று பெயரிடப்பட்டு, பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனார்கள்.

எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் 2003இல் நிறைவேற்றியது. முதல் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 55 ஆண்டுகள். தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் 1984இலேயே நின்றுபோயிருந்தது.